பதினொரு நொடிச் சந்தேகம்

கம்பம் பள்ளத்தாக்கில் ஊக்கமருந்துச் சந்தேகத்துக்கு ஆளான முதல் சைக்கிள்காரன் நானாகத்தான் இருக்க வேண்டும். வயது நாற்பத்தெட்டு. தொப்பை உண்டு. சைக்கிள் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றால் உறை போட்ட பலாப்பழம் மாதிரி இருப்பேன். அப்படிப்பட்டவன் மேலே சந்தேகப்பட்டார்கள் என்றால் அது ஒருவகையில் கௌரவம்தான். சந்தேகப்பட்டவர்களை நான் குறை சொல்லவும் மாட்டேன். அவர்களுக்குச் சந்தேகப்படக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

உத்தமபாளையத்தில் எனக்கு உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடை. கடைப் பலகையில், முறுக்கிக்கொண்டு சாகிற ஒரு பச்சைப் புழுவின் படம் இருக்கும். அதன் மேல் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி. இந்தப் புழுவைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வருடா வருடம் ஜூலை மாதம் பிரான்சில் மூன்று வாரம் நடக்கும் சைக்கிள் பந்தயத்தைக் கடையில் உட்கார்ந்து போனில் பார்ப்பேன். ஸ்பிரேயர் பெட்டிக்கு மேல் போன், கையில் கால்குலேட்டர். பந்தயத்தில் முன்னணியில் இருப்பவனுக்கு மஞ்சள் சட்டை போட்டுவிடுவார்கள். மலையின் உயரம், ஏற எடுத்த நேரம், ஆளின் எடை மூன்றும் தெரிந்தால், அவன் ஒரு கிலோ உடம்புக்கு எத்தனை வாட் மிதித்தான் என்று கணக்குப் போட்டுவிடலாம். கிணற்று மோட்டாரின் திறன் பார்க்கிற மாதிரிதான். விடை கொஞ்சம் பெரிதாக வந்தால் போதும், தீர்ப்பு எழுதிவிடுவேன்.

எதிரே தேங்காய் மண்டி வைத்திருக்கும் பாய்தான் என் நிரந்தர ரசிகர். எங்களுக்குள் மாமன் மாப்பிள்ளைப் பேச்சு. மண்டியில் வேலை குறைந்ததும் வந்து உட்கார்ந்துகொள்வார்.

"மஞ்சச் சட்டைக்காரன் பறக்குறானே மாப்ள. இவனும் ஊசியா?"

"ஊசிதான் பாய். மனுச நெஞ்சுக்கு ஒரு அளவு இருக்குல்ல?"

"போன வருசம் இதே ஆளு பாதியில நின்னுட்டானேப்பா?"

"அப்ப ஊசி தீந்துபோயிருக்கும்."

இப்படி எந்தப் பக்கம் போனாலும் தப்பிக்க முடியாத ஒரு நீதிமன்றம் நடத்திக்கொண்டிருந்தேன். ரத்தம் எப்படி வேலை செய்கிறது என்றும் பாடம் எடுப்பேன். விடிகாலையில் கம்பத்திலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போகின்றன அல்லவா, ரத்தத்தில் இருக்கும் சிவப்பணுக்கள் அந்த ஜீப்புகள். மூச்சில் வரும் ஆக்சிஜன்தான் ஆட்கள். தோட்டம் என்பது கால் தசை. ஜீப் எத்தனை ஓடுகிறதோ அத்தனை வேலைதான் மேலே நடக்கும். ஊசி போட்டால் உடம்பு ராத்திரியோடு ராத்திரியாகப் புது ஜீப்புகளை இறக்கும். இன்னும் கெட்டிக்காரர்கள் தங்கள் ரத்தத்தையே முன்கூட்டி எடுத்து வைத்து, பந்தயத்துக்கு முன்னால் திரும்ப ஏற்றிக்கொள்வார்கள். அதைப் பிடிக்கத்தான் ஒவ்வொரு வீரனின் ரத்த அளவையும் மாதக்கணக்கில் குறித்து வைக்கிறார்கள். அளவு திடீரென்று ஏறினால் ஆள் மாட்டினான்.

பாய் இதையெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார். பின்னால் ஒருநாள் எனக்கே திருப்பித் தருவதற்காகக் கேட்கிறார் என்று அப்போது தெரியவில்லை.

நாங்களும் சைக்கிள் ஓட்டுகிறவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் கம்பத்தில் சேர்ந்து கம்பம்மெட்டுக்கு ஏறுவோம். அடிவாரத்தில் பாய் போனில் நேரத்தை ஓட விடுவார். கேரள எல்லையை ஒட்டி மேலே ஒரு டீக்கடை. அதன் பெஞ்சைத் தொட்டால் முடிந்தது. பாய்க்கு முட்டி வலி. பைக்கில் வந்து எங்களைத் திட்டிக்கொண்டே நேரம் குறிப்பது அவர் பொறுப்பு.

அந்த மலையின் சாதனை நேரம் பி.டி. சாருடையது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர். முப்பது வயது, தொப்பை என்றால் என்னவென்று படத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டவர். கடைசி இடம் என்னுடையது. ஐந்து வருடமாக அதற்குப் போட்டியே இல்லை. நான் போய்ச் சேரும்போது மற்றவர்கள் பழம்பொரி தின்று, டீ குடித்து, இரண்டாவது டீயும் சொல்லியிருப்பார்கள். ஜீப்பில் போகிற ஏலத்தோட்டத்துப் பெண்கள் எனக்காகவே மெதுவாகப் போகச் சொல்லுவார்கள்.

"ஏண்ணே, கயிறு வேணுமா? கட்டி இழுக்கவா?"

"ஏ, பேசாத ஆத்தா, அந்த மனுசனுக்கு மூச்சு வாங்குது. பதில் சொல்ல வச்சுக் கொன்னுராத!"

எனக்குக் காரணம் தெரிந்துதான் இருந்தது. வயது, இட்லி, பரம்பரை. என் நெஞ்சின் கொள்ளளவே இவ்வளவுதான் என்று வாட் கணக்கோடு நிரூபித்துக் காட்டுவேன்.

போன வருடம் மூச்சிரைப்பு முற்றிப்போனது. குடோன் படியில் பத்துப் படி ஏறினாலே உட்கார வேண்டியிருந்தது. என் மனைவி ஒருநாள் சட்னி ஊற்றப்போனவள் நிறுத்திவிட்டு முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, மூஞ்சி வெள்ளைக் காகிதமாட்டம் இருக்கு? நாளைக்கு டாக்டர்ட்ட போறீக. நான் கூட வர்றேன். இல்லாட்டி வழியில யாருக்காச்சும் பாடம் எடுத்துக்கிட்டு நின்னுருவீக."

டாக்டர் என் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம், மலம் இரண்டையும் சோதிக்கச் சொன்னார். முடிவு வந்ததும் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது.

"ஹீமோகுளோபின் ஒன்பது. இதை வச்சுக்கிட்டு நீங்க மெட்டுக்கு சைக்கிள்ல போனீங்களா?"

"வாரா வாரம் டாக்டர்."

"ஜீப்புல போனாலே உங்களுக்கு மூச்சு வாங்கணுமே! சரி, செருப்புப் போடுற பழக்கம் இல்லையா?"

"கடையில போடுவேன். பந்தலுக்குள்ள போகையில கழட்டிருவேன்."

எங்கள் பக்கம் பலருக்கு அது பழக்கம். திராட்சைப் பந்தலுக்குள் செருப்போடு போக மாட்டார்கள். சோறு போடுகிற இடம், அவ்வளவுதான் காரணம். கொடியில் நோய் விழுந்தால் விவசாயிகள் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஓடைப்பட்டிக்கும் சின்னமனூருக்கும் குச்சனூருக்கும் போய், வரப்போரம் செருப்பை விட்டுவிட்டு, ஈரமண்ணில் நடந்து, இலையைத் திருப்பிப் பார்த்து மருந்து சொல்லிவிட்டு வருவேன். இருபது வருடமாக இதுதான் நடக்கிறது.

"கொக்கிப்புழு," என்றார் டாக்டர். "மண்ணுல இருந்து உள்ளங்கால் வழியா ஏறும். குடல்ல போய்க் கடிச்சுக்கிட்டு ரத்தத்தைக் குடிக்கும். எத்தனை வருசமா இருக்குன்னு சொல்ல முடியாது."

என் மனைவி சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து டாக்டர் ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார். வெளியே வந்ததும்தான் அவள் மருத்துவமனைச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஆத்தாடி! ஊர்ல இருக்குற புழுவுக்கெல்லாம் மருந்து விக்கிறீக. போர்டுல படம் வேற! உங்க வயித்துக்குள்ளயே ஒரு குடும்பம் நிம்மதியாக் குடியிருந்திருக்கே!"

"மெதுவாப் பேசு. யார் காதுலயும் விழுந்துறாம."

"நான் ஏன் சொல்லப் போறேன்? சிரிப்பை அடக்க முடிஞ்சா சொல்லவே மாட்டேன்."

இது வெளியே தெரிந்தால் கடை என்ன ஆகும்? "அண்ணே, இலையில புழு" என்று வருகிற விவசாயி, முதலில் என் வயிற்றைப் பார்ப்பான். ஆகவே நாங்கள் இரண்டு பேரும் சத்தியம் செய்துகொண்டோம். புழுவுக்கு மாத்திரை போட்டேன். இரும்புச்சத்து மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிடச் சொன்னார் டாக்டர். நடுவில் இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். அளவு பதினொன்றைத் தாண்டியது. அப்புறம் பதினான்கைத் தொட்டது.

என்ன நடந்தது என்பதை ஜீப் கணக்கிலேயே சொல்கிறேன். இத்தனை காலம் என் ஜீப்புகளில் மூன்றில் ஒரு பங்கைப் புழு தின்றுகொண்டிருந்தது. மிச்ச ஜீப்புகளை வைத்துக்கொண்டு, நடைமேல் நடை அடித்து, என் இதயம் மொத்த ஆட்களையும் மேலே ஏற்றிப் பழகியிருந்தது. நான் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்த என் நெஞ்சு உண்மையில் மாடாக உழைத்துக்கொண்டிருந்தது. இப்போது திடீரென்று எல்லா ஜீப்பும் திரும்பி வந்துவிட்டன.

முதலில் கடைசி இடம் கைமாறியது. பழம்பொரி சூடாகக் கிடைக்க ஆரம்பித்தது. அடுத்த மாதம் மூன்று பேரை முந்தினேன். டீக்கடைச் சேட்டன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "எந்தா சேட்டா, இன்னு ஜீப்பிலா வந்நது?" என்றார். அதற்கடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்கு முன்னால் யாருமே இல்லை. கடைசி வளைவில் பி.டி. சாரைத் தாண்டி, பெஞ்சில் கையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

பாய் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

"சாதனை போச்சு," என்றார். "பதினொரு நொடி கம்மி."

யாரும் கைதட்டவில்லை. பி.டி. சார் மட்டும் மரியாதையாகக் கேட்டார்: "எப்பிடி சார்?"

"பயிற்சிதான் சார்," என்றேன். ஊசி போட்டவர்கள் எல்லாரும் சொல்கிற பதில் அது என்று நானே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

பாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மாப்ள, தப்பா நெனைக்காத. திராட்சைக் குலையை ஜி.ஏ.வுல முக்குவாகள்ல, அந்த மாதிரி ஒன்னையும் எதுலயாச்சும் முக்கிட்டாகளா?"

ஜி.ஏ. என்பது என் கடையில் நான் விற்கும் வளர்ச்சி ஊக்கி. விதையில்லாத் திராட்சையின் பிஞ்சுக் குலையை அந்தக் கரைசலில் முக்கி எடுத்தால் பழம் பருக்கும். எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு பொருள் திடீரென்று பெருத்தால், முக்கிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். அந்த வாரமே ஊர் முழுக்க அதுதான் பேச்சு. கடைக்கு யூரியா வாங்க வந்தவர்கள் யூரியாவை மறந்துவிட்டு என் தொடையைப் பார்த்தார்கள்.

"நீ லேப்ல இருந்து வெளிய வந்ததைப் பாத்திருக்காக," என்று புதன்கிழமை பாய் அடுத்த குண்டைப் போட்டார். "ரெண்டு தடவை. கையில பஞ்சு. ரத்தத்தை எடுத்து வச்சுப் பின்னால ஏத்திக்குவாகன்னு யாரு சொன்னது? நீதான?"

"பாய், அது வேற விசயம்."

"என்னா விசயம்?"

மேசை இழுப்பறையில் மூன்று ரத்த அறிக்கைகள் இருந்தன. ஒன்பது, பதினொன்று, பதினான்கு. இதே மூன்று எண்களை ஐரோப்பாவில் ஒருவன் காட்டியிருந்தால், நானே கால்குலேட்டரைத் தட்டாமல் தண்டனை கொடுத்திருப்பேன். குற்றமற்றவன் என்று நிரூபிக்கக் காகிதத்தைக் காட்டினால் ஊசிக்காரன் ஆவேன். விளக்கிச் சொன்னால் புழுக்காரன் ஆவேன்.

வியாழக்கிழமை, சின்னமனூர்ப் பக்கத்துக் கபடிக் குழுவின் கேப்டன் கடைக்கு வந்தார். முப்பது வயசு ஆள், கழுத்தும் தோளும் ஒன்றாக இருக்கும். கல்லாவுக்கு மேல் குனிந்து ரகசியமாகக் கேட்டார்.

"அண்ணே, அடுத்த வாரம் மேட்ச் இருக்கு. அந்த ஜி.ஏ.வை நீங்க லிட்டருக்கு எத்தனை மில்லி கலந்து குடிச்சீக?"

"ஏப்பா, அது திராட்சைக்குய்யா! மனுசன் குடிக்கவா?"

"சரிண்ணே, சரிண்ணே," என்று கண்ணடித்தார். "வெளிய சொல்ல மாட்டேன்." நான் கத்தக் கத்தச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். கடையில் இருந்த ஜி.ஏ. குப்பிகளை எல்லாம் எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினேன்.

வெள்ளிக்கிழமை பாய் தொழுகை முடித்து வந்து தீர்ப்பு சொன்னார். "மாப்ள, ஞாயித்துக்கெழமை மறுபடி ஏறு. சனிக்கெழமை மத்தியானத்துல இருந்து எங்க வீட்டுலதான் இருக்கணும். எங்க சோறு, எங்க தண்ணி. சைக்கிளை நாங்க அக்கு அக்காப் பிரிச்சுப் பாப்போம். போன வார நேரம் வந்தா ஒன் பேரு நிக்கும். வரலைன்னா சாதனையை அழிச்சிருவேன். சம்மதமா?"

சம்மதம் என்றேன். மலை ஏறுவது வாயைத் திறப்பதைவிடச் சுலபம் என்று தோன்றியது.

சனிக்கிழமை பாய் வீட்டில் நெய்ச்சோறும் தால்சாவும். பாயின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், அவருக்கு விசாரணை பற்றி ஒன்றும் தெரியாது. விருந்தாளி என்று நினைத்து மூன்றாவது தடவையும் பரிமாறினார். வேண்டாம் என்றால் சந்தேகம் வரும் என்று எல்லாவற்றையும் சாப்பிட்டேன். பி.டி. சார் வந்து, ஒளித்துவைத்த மோட்டார் இருக்கிறதா என்று சீட்டைக் கழற்றிக் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். அதுவும் நான் எடுத்த பாடம்தான். உள்ளே ஒரு சிலந்தி இருந்தது. அதை வெளியே எடுத்துவிட்டு, "இது ஒண்ணுதான் சார் கூடுதலா இருந்துச்சு," என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை அடிவாரத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். கபடி கேப்டனும் பைக்கில் வந்திருந்தார். பாய் கையை இறக்கினார்.

முதல் இரண்டு வளைவு வரை நெய்ச்சோறும் நானும் சேர்ந்துதான் ஏறினோம். பி.டி. சார் முன்னால் போய்விட்டார். பாய் பைக்கில் பக்கத்திலேயே வந்து என் வாயையும் கையையும் காவல் காத்தார். பிறகு எங்கேயோ ஓரிடத்தில் மூச்சு தாளத்துக்கு வந்தது. அதை எப்படிச் சொல்வது? முன்பெல்லாம் இந்த ஏற்றத்தில் ஒவ்வொரு மூச்சும் கடன் கேட்டுக் கெஞ்சுகிற மாதிரி இருக்கும். இழுத்த காற்று எங்கே போனது என்றே தெரியாது. இப்போது இழுத்த காற்று விரல் நுனி வரை போய், கால் கட்டைவிரலைத் தொட்டுவிட்டு வந்தது. கால் எரிந்தது, ஆனால் அணையவில்லை. கீழே பள்ளத்தாக்கு விரிந்துகொண்டே போனது. தென்னந்தோப்பு, பந்தல், நடுவில் மினுங்குகிற வாய்க்கால். ஐந்து வருடமாக இந்த வழியில் என் முன் சக்கரத்தைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு ஜீப் வந்தது. அதே ஏலத்தோட்டத்துப் பெண்கள்.

"ஏடி, கயித்து அண்ணன்டி! அவராடி இது?"

"அவரேதான்! அண்ணே, எங்க டிரைவரு ரொம்ப மெதுவாப் போறாரு. கயிறு கட்டி எங்கள இழுக்குறீகளா?"

அந்த வளைவில் ஜீப் கியர் மாற்றத் திணறியது. நான் அதைத் தாண்டினேன். சத்தியமாகத் தாண்டினேன். அவர்கள் போட்ட கூச்சலில் மலை அதிர்ந்தது. முன்னால் போன பி.டி. சார் திரும்பிப் பார்த்தார். திரும்பிப் பார்த்தவனுக்குக் கதை முடிந்தது என்பது பந்தயம் பார்த்துப் பார்த்து நான் கற்றது. இரண்டு வளைவு தள்ளி அவரைப் பிடித்தேன். கொஞ்ச தூரம் இருவரும் சேர்ந்து மிதித்தோம். பிறகு அவர், "போங்க சார், போங்க," என்றார். மேலே பெஞ்சில் கை வைத்தபோது சேட்டன் கையில் டீயோடு நின்றுகொண்டிருந்தார்.

பாய் பைக்கை நிறுத்தாமலே கத்தினார்: "முப்பத்தொம்பது நொடி கம்மி! போன வாரத்தை விட! எங்க வீட்டு நெய்ச்சோத்துல!" இறங்கி ஓடிவந்து, முட்டி வலியை மறந்து, வியர்வையும் நானுமாக இருந்தவனைக் கட்டிக்கொண்டார். "எல்லாரும் கேளுங்கப்பா, என் மாப்ள சுத்தம்! நானே கண்ணால பாத்தேன்!"

எல்லாரும் கைதட்டினார்கள். பேர் நின்றுவிட்டது. ரகசியமும் நின்றுவிட்டது. அப்படியே டீயைக் குடித்துவிட்டு இறங்கியிருந்தால், புழுவை யாருக்கும் தெரியாமல் புதைத்திருக்கலாம்.

அப்போதுதான் கபடி கேப்டன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் காதருகே வந்தார்.

"புரிஞ்சிருச்சுண்ணே. முந்தாநாளே குடிச்சிட்டா நேத்துக் காவல் போட்டாலும் ஒண்ணும் பண்ண முடியாது. ஒரு தடவை குடிச்சா எத்தனை நாளைக்கு நிக்கும்?" என்று பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஜி.ஏ. குப்பி. என் கடையில் கொடுக்கவில்லை என்று வேறெங்கோ வாங்கியிருக்கிறார். "டீம்ல பன்னண்டு பேரு. இது பத்துமா?"

என் சாதனையை அவர்கள் நம்பியது போதாது. எதனால் என்று தெரியாத வரை ஊரில் யாராவது ஒருவர் இப்படி ஒரு குப்பியோடு அலைந்துகொண்டுதான் இருப்பார். டீ கிளாசை வைத்தேன். பெஞ்சின் மேல் ஏறி நின்றேன். ஏன் ஏறினேன் என்று தெரியவில்லை. அவமானப்படுவதை எல்லாரும் பார்க்கும்படியே படுவோம் என்று நினைத்திருப்பேன்.

"புழு," என்றேன்.

"என்னது?" என்றார் பாய்.

"என் வயித்துல புழு. கொக்கிப்புழு. பந்தல்ல வெறுங்கால்ல நடந்து ஏறியிருக்கு. ரத்தம் ஒம்பதுல இருந்துச்சு. புழுவுக்கு மாத்திரை போட்டேன், இரும்பு மாத்திரை சாப்பிட்டேன், பதினாலாச்சு. லேபுக்குப் போனது அதுக்குத்தான். நான் எதையும் குடிக்கல. அஞ்சு வருசமா என்னையத்தான் ஒண்ணு குடிச்சுக்கிட்டு இருந்துச்சு." போனில் படம் எடுத்து வைத்திருந்த அறிக்கைகளைத் திறந்து பாயிடம் நீட்டினேன்.

பாய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். உதடு துடித்தது.

"புழு மருந்துக் கடைக்காரனுக்கு," என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் அங்கே நடந்ததை விவரிக்க மாட்டேன். சேட்டனுக்கு யாரோ மலையாளத்தில் விளக்கினார்கள், அவரும் உட்கார்ந்தார். மேலே வந்து சேர்ந்த ஜீப்பில் இருந்தவர்களுக்கும் சொல்லப்பட்டது. கபடி கேப்டன் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குடும்பத்துக்கும் திராட்சைத் தோட்டம் உண்டு.

"அண்ணே, எனக்குக் கூட ரெண்டாவது பாதியில மூச்சு நிக்க மாட்டேங்குது," என்றார்.

"குப்பியை இங்கன குடு. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போ. பன்னண்டு பேரும் போங்க."

போனார்கள். அந்த வாரம் எங்கள் பகுதியிலிருந்து எதற்காக இத்தனை பேர் வயிற்றைச் சோதிக்கச் சொல்லி வருகிறார்கள் என்று டாக்டர் குழம்பிப்போனாராம். கேப்டனுக்கும் இன்னும் மூன்று பேருக்கும் இருந்தது. பந்தல்களின் வரப்போரம் இப்போது பலர் ரப்பர் பூட்ஸ் வைத்திருக்கிறார்கள். அதைச் சோற்றுக்குச் செய்கிற அவமரியாதையாக யாரும் நினைப்பதில்லை. என் கடை ஒன்றும் ஆகவில்லை. விவசாயிகள் புழுவைப் பற்றிக் கேட்டுவிட்டு, "அண்ணனுக்கு அனுபவம் இருக்கு," என்று மருந்தைக் கேள்வி கேட்காமல் வாங்கிப் போகிறார்கள். என் மனைவி பலகையில் இருக்கும் படத்துக்குப் பக்கத்தில் என் படத்தையும் போடச் சொல்கிறாள். பெருக்கல் குறி யாருக்கு என்று கேட்டால் சட்னி எடுத்துவரப் போய்விடுகிறாள்.

ஜூலை வந்தது. மஞ்சள் சட்டைக்காரன் மறுபடி பறந்தான். கால்குலேட்டரைத் தட்டினேன். விடை பெரிதாகத்தான் வந்தது. பாய் ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊசியா மாப்ள?"

"சோதிக்கட்டும் பாய். நல்லாச் சோதிக்கட்டும். அதுக்கு முன்னாடி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பி.டி. சாரும் ஆசை ஆசையாகப் போய்ச் சோதனை செய்துகொண்டார் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். முடிவு வந்த அன்று முகம் தொங்கிப்போய்க் கடைக்கு வந்தார். அவருக்குப் புழு இல்லை. ஒன்றுகூட இல்லை. ரத்தமும் முழுசாக இருக்கிறது. ஆகவே கம்பம்மெட்டுச் சாதனை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.